கடைசி ஆளுக்குப் பின்னால் வந்த வண்டி

எங்கள் கத்தோலிக்கப் பங்கின் மரண உதவிச் சங்கத்துப் பிரேத வண்டியைச் சைக்கிள் பந்தயத்துக்குக் கொடுக்கலாம் என்று முதலில் சொன்னது யார் என்று இப்போது கேட்டால், ஒருவரும் வாய் திறக்கிறார்கள் இல்லை. கூட்டத்தில் எல்லோரும் கை தூக்கினார்கள். நானும்தான் தூக்கினேன். அந்த வண்டியை ஓட்டுகிறவன் என் மனைவியின் தம்பி. அவன் இரண்டு கையையும் தூக்கினான்.

பந்தயம் மூன்று நாள். முதல் நாள் மன்னார் பட்டினத்திலிருந்து தலைமன்னாருக்குப் போய்த் திரும்ப வேண்டும். இரண்டாம் நாள் மன்னார்த் தீவின் பாலத்தைக் கடந்து தெற்குப் பக்கமாக முள்ளிக்குளம் வரை. மூன்றாம் நாள் திரும்பவும் பட்டினத்திலிருந்து வெளிக்கிட்டு மடுக் கோவிலடியில் முடியும். இது பரிசுக்கும் பட்டத்துக்கும் ஓடுகிறவர்களின் பந்தயம் அல்ல, ஆசைக்கு ஓடுகிறவர்களுடையது. அரசாங்கக் கந்தோரில் வேலை செய்கிறவர், தையல்காரர், வாத்தியார், என்னைப் போல மீன்காரன் என்று எல்லா வகையும் இருந்தோம். ஒவ்வொரு நாளும் ஒரு நேரம் வைத்திருப்பார்கள். அதற்குள் வந்து சேராதவன் அடுத்த நாள் ஓட முடியாது. எல்லோருக்கும் பின்னால் ஒரு வண்டி மெதுவாக வரும். விழுந்தவனையும் இயலாமல் நிற்கிறவனையும் அது ஏற்றிக்கொள்ளும். அதற்கு ஒழுங்கு செய்திருந்த வான் கடைசிக் கிழமையில் இயந்திரம் பழுதாகிப் படுத்துவிட்டது. அதனால்தான் எங்கள் பிரேத வண்டி. நல்ல வண்டி. உள்ளே ஒரு ஆள் நீட்டி நிமிர்ந்து படுக்கலாம். அதற்காகவே செய்தது.

நான் தாழ்வுபாட்டுக் கரையில் மீன் வாங்கிப் பட்டினத்தில் விற்கிறவன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. மற்றவர்கள் எல்லாம் மோட்டார் சைக்கிளுக்கு மாறிவிட்ட பிறகும் நான் பெட்டியைக் கட்டிக்கொண்டு சைக்கிள்தான் உழக்குகிறேன். இந்தப் பந்தயத்தில் எனக்கு வெல்லும் எண்ணம் ஒரு நாளும் இருந்ததில்லை. மூன்று நாளையும் முடிக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்கு ஒரு காரணம் இருந்தது.

என் மனைவிக்கு வயிற்றில் ஒரு கட்டி வந்து யாழ்ப்பாணத்தில் சத்திரசிகிச்சை செய்தார்கள். அவவை உள்ளே கொண்டுபோன பிறகு நான் வெளியே ஒரு கதிரையில் இருந்து மடு மாதாவுக்கு நேர்த்தி வைத்தேன். இவ சுகமாக வீடு வந்தால், அந்தப் பந்தயத்தை முழுதாக ஓடி முடித்து, சட்டையில் குத்தும் இலக்கத் துணியைக் கழற்றி உன் காலடியில் வைக்கிறேன் தாயே என்றேன். அந்த நேரத்தில் என்னிடம் கொடுக்க வேறு பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை. கால் இரண்டுதான் இருந்தது.

அவ சுகமாக வந்தா. நேர்த்தியைச் சொன்னபோது சிரித்தா.

“மாதா உங்களிட்ட சைக்கிள் ஓடச் சொல்லிக் கேட்டவவோ? ஒரு மெழுகுதிரியைக் கொளுத்திப்போட்டுப் பேசாம இருக்கிறதுதானே.”

“மெழுகுதிரி எல்லாரும் கொளுத்துகினம்.”

“ஓ, அப்ப உங்களுக்கு மாதாவிட்டையும் முதலாம் இடம் வேணும்.”

போன வருடம் ஓடினேன். முதல் நாளே பேசாலையில் ஒரு கழுதை குறுக்கே வந்தது. ஓடி வந்திருந்தால் விலத்தியிருப்பேன். அது ஆறுதலாக வந்து, நடுரோட்டில் நின்று யோசித்து, படுத்தது. நான் விழுந்தேன், முன் சக்கரம் வளைந்தது, அன்றோடு முடிந்தது. நேர்த்தி அப்படியே கிடந்தது. ஒரு வருடமாக மாதாவின் படத்துக்கு முன்னால் நிற்கும்போதெல்லாம் நெஞ்சுக்குள் ஏதோ உறுத்தும். ஆகவே இந்த வருடம் எப்படியும் முடிக்க வேண்டும் என்று இருந்தேன். இரவுச் செபமாலையில் கடைசிக் காரியமாக என் காலுக்காகவும் வேண்டிக்கொண்டேன். பிள்ளைகள் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டேன்.

முதல் நாள் காலை பட்டினத்தில் எல்லோரையும் நிற்க வைத்து நடுவர் விதிகளைச் சொன்னார். வெளியூரிலிருந்து வந்தவர், இளவயது, நல்ல தமிழ் பேசினார். “பின்னால வாற வண்டிக்கு நீங்கள் கை காட்டத் தேவையில்லை. இறங்கி நிண்டு ஹெல்மெட்டைக் கழட்டினால், விலகிற்றீங்கள் எண்டு எடுப்பம்” என்றார். நான் கேட்டேன். கேட்கவில்லை என்று இப்போது சொல்ல முடியாது. என் காதால் கேட்டேன், தலையையும் ஆட்டினேன்.

எனக்குப் பக்கத்தில் கொழும்பிலிருந்து வந்த ஒரு இளந்தாரி நின்றான். அவனுடைய சைக்கிளை ஒரு விரலால் தூக்கலாம். நான் அவனுக்கு நல்லதுக்குத்தான் சொன்னேன்: “தம்பி, போகப்போக நல்ல கச்சான் இருக்கு, கவனம்.”

“எனக்குக் கச்சான் ஒத்துக்கொள்ளாது அங்கிள். நான் வாழைப்பழம்தான் சாப்பிடுவன்.”

அவன் வறுத்து விற்கும் கச்சான் கடலையை நினைத்துவிட்டான். நான் சொன்னது காற்றை. எங்கள் பக்கத்தில் தென்மேற்குப் பக்கமிருந்து மாதக்கணக்காக அடிக்கும் காற்றுக்கும் அதே பெயர்தான். மற்றப் பக்கத்தில் நின்ற சிலாவத்துறைத் தையல்காரர் இதைக் கேட்டுவிட்டு, “நீங்க சாப்பிட வேணாம் தம்பி, அது உங்களைச் சாப்பிடும்” என்றார். அவர் என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவர், என்னை நானா என்று கூப்பிடுவார். போன வருடம் கழுதையடியில் கிடந்த என்னைத் தூக்கி விட்டுத்தான் அவர் போனார். அதில் அவருக்கும் நேரம் போய்விட்டது.

முதல் நாள் காற்று பக்கவாட்டில் அடித்தது. போகும்போது இடப்பக்கமிருந்து தள்ளியது, வரும்போது வலப்பக்கமிருந்து தள்ளியது. மணல் காதுக்குள் போனது. ஆனாலும் நேரத்துக்குள் வந்தேன். கடைசி நாலைந்து பேருக்குள்தான் வந்தேன், என்றாலும் வந்தேன். அன்று மனைவி கணவாய்க் கறி வைத்தா. “இன்னும் ரெண்டு நாள்” என்று அவவும் சொல்லத் தொடங்கிவிட்டா.

இரண்டாம் நாள் விடியக் கோவிலுக்குப் போய் வந்தேன். மனைவி இலக்கத் துணியை என் முதுகில் நாலு ஊசியால் குத்திவிட்டா. “ஆட்டாம நில்லுங்கோ. மாதாவுக்குப் போற துணி, சரிஞ்சிருக்கக் கூடாது” என்றா. வெளியே மச்சான் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தான். மேலே இருக்கும் சிலுவையைக் காட்போட் மட்டையால் மூடி, அதில் பெரிய எழுத்தில் ‘பந்தய வண்டி’ என்று எழுதியிருந்தான். பக்கத்துக் கண்ணாடி வழியாகப் பெட்டி வைக்கும் தட்டு தெரிந்தது. அதில் மெத்தை போட்டிருந்தான். உள்ளே சாம்பிராணி வாசம் அப்படியே இருந்தது.

“அத்தான், இதில ஒருக்கா ஏறிப் படுத்துப் பாருங்கோ. நல்ல சுகம்.”

“நான் அதில ஏறுற நாளில எனக்குச் சுகம் தெரியாது. நீ பின்னால வா, காணும்.”

எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் இருக்கிறது. பிரேத வண்டி வந்தால் சைக்கிளில் போகிறவன் இறங்குவான். தொப்பி இருந்தால் கழற்றுவான். கத்தோலிக்கன் சிலுவை போட்டு, செத்தவர் யார் என்று தெரியாவிட்டாலும் அவருக்காக நித்திய இளைப்பாற்றிச் செபம் சொல்வான். மற்றவர்கள் தங்கள் முறைப்படி நிற்பார்கள். வண்டி கடந்து போனதும்தான் ஏறுவோம். இதை யாரும் இருத்திச் சொல்லித் தந்ததாக ஞாபகம் இல்லை. தும்மும்போது கண் மூடிக்கொள்வது போலத்தான்.

இதனால் வரப்போகிற கரைச்சல் பாலம் கழிந்து வங்காலைக்குள் வந்தபோதே தொடங்கியது. நானும் தையல்காரரும் கடைசியாகப் போய்க்கொண்டிருந்தோம். எங்களுக்குப் பின்னால் மச்சான் முன்விளக்கைப் போட்டுக்கொண்டு மெதுவாக வந்தான். மெதுவாக ஓட்டினால் அவனுக்கு விளக்குப் போட்டுத்தான் பழக்கம். ரோட்டோரம் இருந்தவர்கள் எழும்பினார்கள். எதிரே சைக்கிளில் வந்தவர்கள் இறங்கினார்கள். ஒரு கடைக்காரர் கதவைப் பாதி சாத்தினார். ஒரு ஆச்சி படலைக்கு வெளியே வந்து, தலையில் கை வைத்துக்கொண்டு என்னைக் கேட்டா:

“ஆர் தம்பி மோசம் போனது?”

“ஒருத்தரும் இல்லை ஆச்சி! இது பந்தயம்!”

“இன்னும் இல்ல எண்டு சொல்லுங்க நானா” என்றார் தையல்காரர்.

சிரித்ததில் எனக்கு மூச்சு வாங்கியது. அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

அரிப்புக் கிராமத்துக்கு வர முன்பே காற்று நேர் முகத்தில் அடிக்கத் தொடங்கிவிட்டது. தெற்குப் பக்கம் போகிறவனுக்குக் கச்சான் இரக்கம் காட்டாது. குனிந்தாலும் அடிக்கும், நிமிர்ந்தாலும் அடிக்கும். மீன் பெட்டியோடு உழக்கினாலும் இவ்வளவு பாரம் இல்லை. வழியில் அந்தக் கொழும்பு இளந்தாரி ரோட்டுக்கரையில் காலைப் பிடித்துக்கொண்டு இருந்தான். தொடை இறுகிவிட்டது. மச்சான் நிற்பாட்டி அவனைத் தூக்குவது தெரிந்தது. நான் திரும்பிப் பார்க்காமல் போனேன்.

சிலாவத்துறை கிட்ட வந்ததும் தையல்காரர் எழும்பி நின்று மிதித்தார். “மன்னிக்கணும் நானா. என்ட ஊருக்குள்ள நான் கடைசியாப் போனா என்ட புள்ளைங்களே சிரிக்கும்” என்று சொல்லிவிட்டு முன்னுக்குப் போனார். நான் தனியே. ஆனால் கணக்குப் பார்த்தேன், நேரம் இருந்தது. இந்த வேகத்தில் போனாலும் முள்ளிக்குளத்துக்கு நேரத்துக்குள் போகலாம். வாய்க்குள் செபமாலை சொல்லிக்கொண்டு, ஒரு செபமணிக்கு ஒரு மிதி என்று போனேன்.

அப்போது முன்னால் எங்கேயோ ஒருவர் விழுந்துவிட்டார் என்று மச்சானுக்கு ரெலிபோனில் சொல்லியிருக்கிறார்கள். அடிபட்டவரைத் தூக்கப் போகும்போது வண்டி என்னை முந்தினால் நான் விலகினதாகக் கணக்கு இல்லை. அதுவும் விதியில் இருக்கிறது. மச்சான் எனக்குப் பக்கத்தில் வேகத்தைக் குறைத்து, யன்னலைத் திறந்து, “அத்தான், நான் முன்னுக்குப் போறன், நீங்கள் வாங்கோ” என்று கத்தினானாம். காற்று அதைக் கொண்டுபோய்விட்டது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

எனக்குத் தெரிந்தது இதுதான். வலப்பக்கத்தில் வெள்ளை வண்டி, விளக்குப் போட்டபடி, மெதுவாக வருகிறது. காட்போட் மட்டை காற்றில் எப்போதோ பறந்துவிட்டது. மேலே சிலுவை. கண்ணாடிக்குள்ளே ஒருவர் நீட்டிப் படுத்திருக்கிறார். முகத்தில் வெள்ளைத் துவாய். கால் பெருவிரல் இரண்டும் மேலே பார்த்தபடி.

நான் பிறேக் பிடித்தேன். இறங்கினேன். ஹெல்மெட்டைக் கழற்றி நெஞ்சோடு பிடித்தேன். சிலுவை போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு, பெயர் தெரியாத அந்த ஆத்துமாவுக்காக நித்திய இளைப்பாற்றி சொல்லத் தொடங்கினேன். செபத்தைத் தொடங்கினால் பாதியில் விடக் கூடாது. முழுதாகச் சொன்னேன்.

கண் திறந்தபோது, அந்த ஆத்துமா எழும்பி இருந்து, பின் கண்ணாடியால் எனக்குக் கை காட்டியது.

பின்னால் மோட்டார் சைக்கிளில் நடுவர் நின்றார். விசில் ஊதினார். “அண்ணை, நீங்கள் விலகிற்றீங்கள் என்ன? இலக்கத்தைத் தாங்கோ” என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். நான் இல்லை என்று கத்தினேன். சைக்கிளில் ஏறினேன். முள்ளிக்குளம் வரை அந்தக் கோபத்திலேயே உழக்கினேன், நேரம் முடிய முன்பே போய்ச் சேர்ந்தேன். அங்கே நின்றவர்கள் கை தட்டினார்கள். அவர்களுக்கு விசயம் தெரியாது.

நடுவர் எனக்குப் பிறகு வந்து சேர்ந்தார். நிழலுக்குக் கூப்பிட்டார்.

“ஏன் அண்ணை இறங்கினீங்கள்?”

“பிரேத வண்டி வந்தது, இறங்கினன்.”

“அது பிரேத வண்டி இல்லை. எங்கட பந்தய வண்டி.”

“உங்கட பந்தய வண்டிதான் எங்கட பிரேத வண்டி.”

“உங்களுக்குத் தெரியுந்தானே, அதுக்குள்ள பிரேதம் இல்லை எண்டு?”

“எனக்குத் தெரியும் தம்பி. என்ர காலுக்குத் தெரியாது.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் பகிடி விடவில்லை. நடுவர் சிரிக்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டார். பிறகு மெல்லச் சொன்னார்: “வண்டி முந்தினதில பிழை இல்லை அண்ணை. நீங்கள் இறங்காமப் போயிருந்தால் ஒண்டுமே இல்லை. இறங்கினாலும் பறவாயில்லை, ஹெல்மெட்டைக் கழட்டாமல் விட்டிருக்கலாம். உங்களுக்கு விட்டால் நாளைக்கு வேற ஆளுக்கும் விட வேணும்.”

தையல்காரர் எனக்காக வாதாடிப் பார்த்தார். “ஜனாஸா போனா நாங்களும்தான் நிக்கிறது. மனுசன் மரியாதை குடுத்ததுக்குத் தண்டனையா?” என்று கேட்டார். நடுவர் கையை விரித்தார். அவரைக் குறை சொல்ல இடமில்லை, அதுதான் இன்னும் எரிச்சல். குறை சொல்ல ஒரு ஆள் இருந்தால் மனம் கொஞ்சம் ஆறும். மச்சானைத் திட்டலாம் என்றால், அவன் அடிபட்டவரைத் தூக்கப் போனவன். அந்த இளந்தாரியைத் திட்டலாம் என்றால், அவன் வெயிலுக்கு முகத்தில் துவாய் போட்டவன். அவன் வேறு வந்து, “சொறி அங்கிள், எனக்கு ஏன் செபம் சொன்னீங்க எண்டு விளங்கேல்ல, ஆனா கால் நோ குறைஞ்சிட்டுது” என்றான்.

இலக்கத் துணியை நடுவரே என் முதுகிலிருந்து கழற்றினார். ஒவ்வொரு ஊசியாகக் கழற்றி, ஊசிகளைத் திரும்ப என் சட்டையிலேயே குத்திவிட்டார். துணி பந்தயக்காரருக்கு, ஊசி எனக்கு.

பின்னேரம் ஊர் திரும்பி எங்கள் பங்குச் சுவாமியிடம் போனேன். நேர்த்தி முடியாமல் போனால் குற்றமா என்று கேட்கத்தான் போனேன். நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். ஆத்துமா கை காட்டிய இடம் வந்ததும் அவர் சிரிக்கத் தொடங்கி, கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். திரும்பச் சிரித்தார். “நாளைக்கு வாங்கோ, நாளைக்குக் கதைப்பம்” என்றார். என் கேள்வி அப்படியே நின்றது.

வீட்டில் மனைவி சாப்பாட்டை வைத்துவிட்டு எதிரே இருந்தா. சிரிக்கவில்லை. அவ சிரித்திருந்தால் நான் சாப்பிட்டிருக்க மாட்டேன்.

“நாளைக்குத் தம்பியோட அந்த வண்டியில மடுவுக்குப் போங்கோவன். மாதாவிட்டப் போறதுதானே நேர்த்தி.”

“ஏறிப் போறது நேர்த்தி இல்லை. ஓடிப் போறதுதான் நேர்த்தி.”

“அப்ப அடுத்த வருசம் போங்கோ. நான் ஒண்டும் இப்ப சாகப் போறதில்லை.”

கோபத்தோடு சோற்றைப் பிசைந்தேன்.

மூன்றாம் நாள் போகாமல் இருக்கத்தான் நினைத்தேன். ஆனால் கால் கேட்கவில்லை. மீன் சைக்கிளை எடுத்துக்கொண்டு பாலத்துக்கு அங்கால் ரோட்டோரம் போய் நின்றேன். தலையில் வெயில் தொப்பி. பெடியள் கூட்டமாகப் போனார்கள், பிறகு ஒவ்வொருவராகப் போனார்கள். கடைசியாகத் தையல்காரர் வந்தார். என்னைக் கண்டு காலை ஊன்றி நின்றார். நேரம் போகிறதே என்று எனக்குத்தான் பதற்றம்.

“நானா, உங்கட நம்பரைத் தாங்க. நான் மாதாட்டக் கொண்டு போய் வெக்கிறன்.”

“அது நேற்றே வாங்கிப்போட்டாங்கள்.”

“அப்ப அந்த ஊசியையாவது தாங்க.”

ஊசிகள் வீட்டில் அந்தச் சட்டையிலேயே இருந்தன. இருந்திருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன். நான் வைக்க வேண்டியதை இன்னொருவர் கையில் கொடுப்பதா என்ற வீம்பு. “நீர் போம், நேரம் போகுது” என்று அதட்டினேன். அவர் தலையை ஆட்டிவிட்டு மிதித்தார். அன்று அவர் முடித்தார். அதில் எனக்குச் சந்தோசந்தான். முழுச் சந்தோசம் என்று பொய் சொல்ல மாட்டேன்.

அவருக்குப் பின்னால் மச்சானின் வண்டி வந்தது. விளக்குப் போட்டபடி. புது மட்டை கட்டியிருந்தான், அதுவும் ஒரு பக்கம் கிழிந்து சிலுவை பாதி தெரிந்தது. எனக்குப் பக்கத்தில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லோரும் நேராக நின்றார்கள். ஒருவர் சைக்கிளால் இறங்கினார். என் கை தானாக மேலே போனது. நான் மற்றக் கையால் தொப்பியைத் தலையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன். இன்றைக்கு இல்லை, உனக்கு இல்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். இரண்டு கையும் தலையில். பார்த்தவர்கள் செத்தவருக்கு நான் நெருங்கிய சொந்தம் என்று நினைத்திருக்க வேண்டும். ஒரு பெண்பிள்ளை என் தோளைத் தொட்டு, “அழாதேங்கோ ஐயா” என்றா.

மச்சான் வேகத்தைக் குறைத்து யன்னலால் எட்டிப் பார்த்தான். “அத்தான், ஏறுறீங்களோ?” என்றான். மெல்லத்தான் கேட்டான். நான் தலையை ஆட்டினேன், வேண்டாம் என்று. அவன் போனான். வண்டி மறையும் வரை நின்றேன்.

ஆவணித் திருவிழாவுக்கு மனைவியோடு பஸ்ஸில் மடுவுக்குப் போனேன். மாதாவுக்கு முன்னால் வெறுங்கையோடுதான் நின்றேன். மெழுகுதிரி கொளுத்தவில்லை, கொளுத்தினால் நேர்த்தி முடிந்த மாதிரி ஆகிவிடும். தாயே, பிரேதம் வந்தால் இறங்கச் சொல்லிப் பழக்கியதும் உன் கோவில்தான், இறங்காமல் வந்து சேர் என்று எதிர்பார்த்ததும் நீதான், இதில் நான் எதைச் செய்வது என்று கேட்டேன். சத்தமாகவே கேட்டுவிட்டேன் போலிருக்கிறது. பக்கத்தில் நின்றவர்கள் திரும்பினார்கள். மனைவி என் கையைக் கிள்ளினா. அவவின் தோளில் சேலையைப் பிடித்துக்கொண்டு, அந்த நாலு ஊசியில் ஒன்று இருந்தது.

“அது என்ர ஊசி” என்றேன்.

“அடுத்த வருசம் தாறன்” என்றா.